சென்றாயனின் பித்தளை டார்ச்சு

சென்றாயன் பேளுக்குறிச்சிச் சந்தையில் டார்ச்சு லைட்டு வாங்கிய சேதி, அவன் மலையேறி வருவதற்கு முன்பே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. எப்படி என்று கேட்க வேண்டாம். அவனுக்கு முன்னால் நடந்து வந்தது நான்தான்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த வருஷம் அது. லைட்டு ஒரு சாண் நீளம், பித்தளை உடம்பு, வயிற்றுக்குள் இரண்டு பேட்டரி. ஒரு மூட்டை மிளகைக் கொடுத்து வாங்கியிருந்தான்.

எதற்கு என்பது ஊருக்கே தெரியும். கருப்பண்ணன் பெண்டாட்டி பொன்னாயி, அவனை விட்டு இவன் வீட்டுக்கு வந்து ஆறு மாதம். கதிரடிக்கிற களத்தில் கருப்பண்ணன் இவனைக் குப்புறத் தள்ளி, முன்பல் இரண்டைக் கல்லால் தட்டி எடுத்தான். "அடுத்து சோத்தாங்கையி" என்று சொல்லிவிட்டும் போனான். எங்கள் பக்கத்தில், கட்டினவன் ஊர்க் கூட்டத்தில் தன் கையால் துரும்பு கிள்ளிப் போட்டால்தான் பெண்டாட்டியை விட்டதாக அர்த்தம். அவன் கிள்ளுகிற வரைக்கும் பொன்னாயி இவனுக்கு ஆகமாட்டாள். இவன் கைக்கும் உத்தரவாதம் இல்லை.

"மொதல்ல கண்ணுல வெளிச்சத்த அடிக்கோணும். ஆளு குருடாட்ட நிப்பான். அப்பறம் மண்டையில ஒரே போடு. பட்டாளத்துல இப்படித்தானாமுங்க அக்கா" என்றான் சென்றாயன், பல் போன இடத்தில் காற்று போக.

பத்து நாள் பரீட்சை நடந்தது. என் நாயின் கண்ணில் அடித்தான். நாய் ஊளையிட்டு ஓடியது. கிடாயின் கண்ணில் அடித்தான். அது மென்றுகொண்டே நின்றது. கோபத்தில் கொம்புக்கு நடுவே ஒரு போடு போட்டான். முன்னங்கால் மடிந்து விழுந்தது, அன்றைக்கே அறுக்க வேண்டியதாயிற்று. பலாப்பழம் மூன்றாவது அடியில் பிளந்தது. பாறையில் போட்டான், ஓடைத் தண்ணீரில் முக்கினான். பித்தளை நசுங்கவில்லை, லைட்டும் எரிந்தது. ஒரே குறை, இடுப்பில் செருகினால் கனத்துக்கு வேட்டி இறங்கியது. பொன்னாயி அரைஞாண் கயிற்றில் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

பொன்னாயி வழக்கைத் தீர்க்க ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கொடுவாளையும் தடியையும் எல்லைக்கல்லில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். கருப்பண்ணன் வைத்தான். சென்றாயனும் கொடுவாளை வைத்தான்.

"இடுப்புல என்னடா அது?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"வெளக்குங்க."

"உச்சி வெயில்ல வெளக்கா?"

"திரும்பிப் போறப்ப பாதை தெரியோணுமுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். விளக்கை ஆயுதம் என்று எந்த நாட்டில் சொல்லியிருக்கிறார்கள்? விட்டுவிட்டார்கள்.

கருப்பண்ணன் எழுந்து நேராக இவனிடம் வந்தான். நாலடி தூரத்தில் நின்று, வலது கையை இடுப்பு மடிப்புக்குள் விட்டான்.

சென்றாயன் லைட்டை உருவி அவன் கண்ணில் அடித்தான். தலைக்கு மேலே சூரியன். லைட்டு எரிந்ததே யாருக்கும் தெரியவில்லை. கருப்பண்ணன் கண்கூடச் சிமிட்டாமல், "இதென்னடா கூத்து?" என்றான். மடிப்பிலிருந்து கை வெளியே வந்தது. சென்றாயன் அந்த மணிக்கட்டில் இறக்கினான். விறகு ஒடிகிற சத்தம். அடுத்தது நெற்றியில், அதற்கடுத்தது காதோரம். ரத்தம் முன்வரிசைக்காரர்கள் வேட்டியில் தெறித்தது. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து விரல்களையும் நசுக்கினான். கருப்பண்ணன் பங்காளிகள் பாய்ந்து இவன் விலா எலும்பில் மிதித்துத்தான் பிரிக்க முடிந்தது.

"கத்தி! கத்தி எடுத்தானுங்க!" என்று மண்ணைத் துப்பிக்கொண்டே கத்தினான் சென்றாயன்.

ஊர்க்கவுண்டர் குனிந்து, நசுங்கிய விரல்களுக்கு நடுவிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு துரும்பு. கருப்பண்ணன் தன் வீட்டுக் கூரையிலிருந்து விடியற்காலை உருவியது. அவன் தங்கை கண்ணாயி காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். என் ஆயுசில் வெளியே விடாமல் வைத்திருந்த ஒரே சேதி. கூட்டத்தில் சென்றாயன் முகம் மலர்வதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

பொன்னாயி கீழே கிடந்த டார்ச்சை எடுத்தாள். சென்றாயன் வாயில் ஒரே அடி. மிச்சமிருந்த முன்பற்களும் வந்தன.

"கிள்ள வந்த கையையே ஒடிச்சுட்டியேடா, பாவி!"

கருப்பண்ணன் சாகவில்லை. ஆனால் வலது கை விரல்கள் மூங்கில் பத்தைக்குள் கட்டிக் கிடந்தன. மடங்குமா என்று கட்டுப் போட்டவருக்கே தெரியவில்லை. துரும்பு கிள்ளவில்லை, ஆகவே பொன்னாயி இன்னும் அவன் பெண்டாட்டிதான், அந்தக் கை தேறுகிற வரை அவனுக்குச் சோறு ஊட்டுவது அவள் பாடு என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். பொன்னாயி ரத்தம் பட்ட சேலையோடே கருப்பண்ணனைத் தூக்கிப் போனவர்கள் பின்னால் நடந்தாள்.

சென்றாயன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான்.

"ஏனுங்க, பீச்சாங்கையில கிள்ளுனா ஆகாதுங்களா?"

ஊர்க்கவுண்டர் டார்ச்சை எடுத்துத் தன் துண்டின் நிழலில் வைத்துப் பித்தானை அமுக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் எரிந்தது. அதைக் கொண்டுபோய் எல்லைக்கல்லில், கொடுவாள்களோடு வைத்தார்.