ஒன்பதுக்கு அடுத்த வீட்டுப் பேர்

ஈர விரல் கடப்பைக் கல் மேடையில் ஒன்பது எழுதுகிறது, பக்கத்தில் ஒரு பூஜ்யம், அதன் பக்கத்தில் இன்னொன்று, அடுப்புச் சூட்டில் முதலில் எழுதியது காய ஆரம்பித்துவிட்டது, டம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டுத் தொட்டுக் கணக்குப் போடுகிறாள் என் மகள் நறுமுகை, பதினைந்து வயது, நாற்பத்தஞ்சைப் பன்னெண்டால பெருக்கு கண்ணு என்றேன், ஆயிரத்து முந்நூத்து அம்பதும்மா என்கிறாள், என் கையில் கரண்டி அப்படியே நிற்கிறது, அறுநூறைக்கூடத் தொடாத கணக்கு எப்படி ஆயிரத்தைத் தாண்டிப் போனது, கனவிலும் இதே கதைதான், கனவில் இந்த மேடை ஆழியாறு வரைக்கும் நீண்டுகொண்டே போகிறது, அவள் எழுதிக்கொண்டே நடக்கிறாள், காய்வதற்குள் படித்துவிட வேண்டுமென்று நான் பின்னாலேயே ஓடுகிறேன்.

மூன்றாம் வகுப்பில் இரைப்பு வந்து பள்ளியை விட்டு நின்றவள், ஒரு வருஷம் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர், அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை, அவளுக்கும் வீடு பிடித்துவிட்டது, எனக்கும்தான், குனிந்து எழுதினால் இழுக்கும் என்பதால் சமையலறை வாசற்படியில் தலையணை போட்டுப் படுத்திருப்பாள், நான் வெங்காயம் அரிந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லுவேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லுவாள், அப்படியே தூங்கியும் போவாள், தூக்கத்திலும் அந்த உதடு அசையும், ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு. இரைப்பு குறைந்து அவள் வளர்ந்து, இப்போது தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப்போகிறாள், சமன்பாடு என்றால் சிரித்துக்கொண்டே போடுகிறாள், முக்கோணத் தேற்றம் என்றால் ஒரே மூச்சில் நிரூபிக்கிறாள், கடைசி வரியில் ஒரு பெருக்கல் வரும், அதில் கோட்டை விடுவாள். எல்லாவற்றிலும் அல்ல, பத்துக் கணக்கு சரியாக வரும், பதினொன்றாவது எங்கோ ஆகாயத்தில் போய் நிற்கும், கவனம் வேணும் முகை, கவனம், கவனம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்தது.

தேங்காய் மண்டி வைத்திருக்கும் அவள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது, ஏனம்மிணி, முக்கோணத்தையெல்லாம் பொளந்து கட்டற, பெருக்கத் தெரியலீன்னா எப்படி என்று அவளிடம் சிரித்தார், என்னிடம் சிரிக்கவில்லை, இந்த மாசத்துக்குள்ள சரியாகலீன்னா ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்திருவேன், அப்புறம் நாஞ் சொல்றதத்தான் கேக்கோணும். ஹாஸ்டல் என்ற சொல்லை அவள் கேட்டுவிட்டாள், அங்க மூச்சு வாங்குனா யாரைம்மா கூப்பிடுவேன் என்று மெதுவாகக் கேட்டாள், நான் அரிசியைக் களைந்தேன், களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

ஒருநாள் பீன்ஸ் அரிந்துகொண்டே எண்களைச் சும்மா சொல்லிக்கொண்டு வருகிறேன், அவள் ஈர விரலால் எழுதிக்கொண்டு வருகிறாள், எண்பது என்றேன், சரியாக எழுதினாள், இருநூறு, அதுவும் சரி, தொண்ணூறு என்றேன், ஒன்பது, பூஜ்யம், பூஜ்யம். எனக்கு அரிவாள்மணையில் கை நின்றுவிட்டது, அதைத் திருத்தாமல் தொள்ளாயிரம் என்றேன், ஒன்பதும் மூன்று பூஜ்யமும் மினுமினுக்கின்றன, ஏம்மா நிறுத்திட்ட என்கிறாள், முகை, தொண்ணூறை இன்னொருக்கா சத்தமாச் சொல்லு, தொண்ணூறு, தொண், நூறு, சொல்லிவிட்டு அவளே தன் காதால் கேட்டாள், மேடையைப் பார்த்தாள், நூறுன்னு முடியுதேம்மா! காதால் மட்டுமே கணக்குப் படித்த பிள்ளை, நூறு என்று கேட்டதும் விரல் நூற்றுக்குப் போய்விடுகிறது, நாற்பத்தைந்து இரண்டு தொண்ணூறு, அதுதான் அன்றைக்குத் தொள்ளாயிரமாகி, நானூற்று ஐம்பதோடு சேர்ந்து ஆயிரத்து முந்நூற்று ஐம்பதாகியிருக்கிறது, அவளிடம் கவனக்குறைவே இல்லை, சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறாள்.

நான் கண் கலங்கி நிற்கிறேன், அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், இந்த ஒம்பது எங்க போனாலும் அடுத்த வீட்டுப் பேரை வெச்சுக்குது பாரும்மா, தொண்ணூறு நூறு வீட்டுப் பேரை, தொள்ளாயிரம் ஆயிரத்து வீட்டுப் பேரை, ஒம்பதே பத்து வீட்டுப் பேரைத்தான் வெச்சிருக்கு, இருபது முப்பதுல வர்ற அதே பது. இனித் தப்பாது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், அவள் அதோடு விடவில்லை, அப்ப அடுத்த வீட்டுக்கே போயிட்டுக் கொஞ்சம் திரும்பி வந்தாப் போதும்ல என்றாள், நாற்பத்தேழை ஒன்பதால் பெருக்க நானூற்று எழுபதுக்குப் போனாள், நாற்பத்தேழு பின்னால் வந்தாள், நானூத்து இருபத்து மூணும்மா. இதை நான் சொல்லித் தரவில்லை, எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை, தன்னை இத்தனை நாள் தடுக்கி விழவைத்த கல்லையே படியாக்கி ஏறிக்கொண்டாள், என் பிள்ளை, என் பிள்ளை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, பெருமையில் பொரியல் தீய்ந்த வாசனைகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் அப்பா சமையலறை வாசலில் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறார், மண்டி ஆளிடம் பேசுகிறார், வண்டிக்குத் தொள்ளாயிரத்து எம்பது காயா, நாலு வண்டியா, இருப்பா, போட்டுச் சொல்றேன், போனை இறக்கி விரலால் தட்டத் தொடங்குகிறார், மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுங்கப்பா என்கிறது உள்ளேயிருந்து ஒரு குரல், அவள் விரல் டம்ளரைத் தொடவே இல்லை. அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எப்பிடிம்மிணி என்றார், ஆயிரத்துக்கு இருபது கம்மிங்கப்பா, நாலாயிரத்துல எம்பதைத் தள்ளிட்டேன். அப்ப முந்நூத்துத் தொண்ணூறு, ஆறு வண்டி என்றார், ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பதுங்கப்பா. போனில் மண்டி ஆள் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருக்கிறான், அவர் அதைக் கவனிக்கவில்லை, என் பக்கம் திரும்பி, அந்த ஸ்கூல்காரங்க கூப்பிட்டா புள்ள வர்லீன்னு சொல்லிரு என்றார்.

பிறகு டம்ளரில் தன் விரலை நனைத்து, இன்னொண்ணு போடலாமா அம்மிணி என்று கேட்டபடி கடப்பைக் கல்லில் எழுதுகிறார், தேங்காய் நார் ஏறிய தடித்த விரல், ஒன்பது, பக்கத்தில் ஒரு பூஜ்யம், அதோடு நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார், அடுப்புச் சூட்டில் அது ஓரத்திலிருந்து காய்கிறது, நான் படிக்க ஓடவில்லை, காய்ந்து போகட்டும், விடை அவளிடம் இருக்கிறது.