முதலாளியம்மா படுத்த விரிப்பு

லாண்டரியில் எல்லோரும் அவரை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் விசிலம்மா. மெஷின் இரைச்சலில் தன் குரல் எடுபடவில்லை என்று ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நாளடைவில் குரலே தேவைப்படாமல் போயிற்று. இரண்டு பேர் நின்று பேசினால் ஒரு விசில். தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரத் தாமதமானால் நீளமாக ஒரு விசில்.

சும்மா சொல்லக் கூடாது, உழைப்பாளி. கணவர் இறந்தபோது கையில் ஒரு பையனும் வீட்டில் ஒரு வாஷிங் மெஷினும்தான் மிச்சம். அக்கம்பக்கத்துத் துணிகளில் ஆரம்பித்து, ஒரு சின்ன நர்சிங் ஹோமைப் பிடித்து, கடைசியில் ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கே விரிப்பும் தலையணை உறையும் துவைத்துத் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். இப்போது தகரக் கூரை போட்ட பெரிய கூடம். ஒரு பக்கம் ஆள் உயரத் துவைக்கும் மெஷின்கள், நடுவில் உலர்த்தும் டிரையர்கள், கோடியில் சூடான உருளை. அதன் ஒரு பக்கம் விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வரும். உருளையில் நின்றவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். அது கிண்டலில்லை, அவள் கை அப்படி. பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் நீராவி அண்ணன். அவரிடம் பேச்சு குறைவு, பெருமூச்சு அதிகம்.

ஆனால் கொஞ்ச காலமாகவே வேலை இழுத்துக்கொண்டு போயிற்று. மின்னலின் கைகூட மந்தமாகிவிட்டது. மதியம் போக வேண்டிய வேன் சாயங்காலம் போயிற்று. ஆஸ்பத்திரி நிர்வாகி போனில் முதலில் கேட்டார், பிறகு கெஞ்சினார், அப்புறம் வேறொரு கம்பெனியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். ஆட்களுக்குச் சோம்பல் ஏறிவிட்டது என்று முதலாளியம்மா முடிவு கட்டினார். கண்கொத்திப் பாம்பாகக் கூடத்தைச் சுற்றி வந்தார். அவர் சுற்றச் சுற்ற வேலை இன்னும் குறைந்தது.

உண்மையில் நடந்தது வேறு. அங்கே எது கெட்டாலும் முதலில் வரும் கேள்வி, "யார் தொட்டது?" என்பதுதான். கிழிசலைக் காட்டியவள்தான் கிழித்தவள். மெஷின் சத்தம் மாறிவிட்டது என்று சொன்னவன்தான் கெடுத்தவன். பார்த்தார்கள், ஆளுக்கு ஆள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிழிந்த விரிப்பைக் கிழிசல் உள்ளே போகும்படி மடித்து வேனில் ஏற்றினார்கள். பெரிய மெஷினில் அழுக்குத் தண்ணீர் முழுதாக வடியவில்லை என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். துணி சொட்டச் சொட்ட வந்தது. டிரையரில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. தெரிந்தும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மேலே மாடி ஆபீசில் உட்கார்ந்திருந்த மருமகளுக்கும் இது தெரியாது.

மருமகள் முன்பு ஒரு ஹோட்டலில் அறைகளைப் பராமரிக்கும் பிரிவை நடத்தியவள். கணவன் கப்பல் வேலைக்குப் போனதும் மாமியாருக்கு உதவியாக லாண்டரிக்கு வந்தாள். அவள் ஏதாவது யோசனை சொன்னால், "ஹோட்டல் வேற, இது வேற" என்று மாமியார் ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால் அவள் கணக்கோடும் போனோடும் நின்றுகொண்டாள்.

ஒரு நாள் காலையில் பெரிய மெஷின் பக்கம் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. முதலாளியம்மா விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஓடினார். வடியாத தண்ணீர் தரையில் தேங்கியிருந்தது. கால் வழுக்கி, விசில் பாதியில் கீச்சென்று நிற்க, விழுந்துவிட்டார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாக நீராவி அண்ணன் பிறகு சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். தொட்டால் யார் தொட்டது என்று கேட்பாரோ என்ற பயம். மின்னல்தான் முதலில் போய்த் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலில் கட்டு, அசையக் கூடாது, பல வாரம் படுக்கைதான் என்றார் டாக்டர். முதலாளியம்மா மருமகளைக் கூப்பிட்டு விசிலைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வலி கொஞ்சம் அடங்கிய பிறகுதான் முதலாளியம்மாவுக்கு முதுகு தெரிந்தது. விரிப்பு மொரமொரவென்று இருந்தது. மடிப்புகளில் ஈர வாடை. புரள முடியாத உடம்பு, அரிக்கும் முதுகு. படுக்கை மாற்ற வந்த நர்சிடம் இது என்ன விரிப்பு என்று சிடுசிடுத்தார். நர்ஸ் கைவேலையை நிறுத்தாமலேயே பதில் சொன்னாள்.

"என்னம்மா பண்றது? இந்த லாண்டரியில இப்படித்தான் வருது. சோப்பு போகாது, ஈரம் காயாது. பக்கத்து வார்டுல ஒரு பெரியவருக்கு முதுகெல்லாம் புண்ணு. யாரு நடத்துறாங்களோ, ஒரு நாள் இதுல படுத்துப் பாத்தா தெரியும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தொழில் என்னவென்று வெளியே சொல்லிக்கொள்ள முதலாளியம்மாவுக்கு வாய் வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மருமகள் வந்தபோது, லாண்டரியைப் பற்றி வழக்கம்போல் நோண்டி நோண்டிக் கேட்கவும் இல்லை.

இங்கே கூடத்தில் மருமகள் திண்டாடிக்கொண்டிருந்தாள். முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டு, என்ன பிரச்சினை இருந்தாலும் என்னிடம் சொல்லலாம் என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மாமியாரின் உளவாளி என்றே அவளைப் பார்த்தார்கள். தனியாகக் கேட்டாலும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்ற ஒரே பதில்.

அவளும் விடவில்லை. ஆபீசைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி ஒவ்வொரு இடமாக வேலைக்கு நின்றாள். டிரையர் பக்கம் நின்ற அன்று சூட்டைத் தப்பாகத் திருகி வைத்துவிட்டாள். ஒரு டிரையர் நிறையத் தலையணை உறைகள் ரொட்டி நிறத்துக்கு வறுபட்டு வந்தன. கூடமே வேடிக்கை பார்த்தது. பழி யார் தலையில் விழப் போகிறதோ என்று அவளோடு நின்றவள் ஓரடி பின்வாங்கினாள். மருமகள் ஒரு உறையை எடுத்து விரித்து, கொடி போல உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"இது நான் பண்ணினது. எப்படிப் பண்ணினேன்னு எனக்கே தெரியல. யாராவது வந்து சொல்லிக் குடுங்க."

யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று காட்டிக்கொடுக்க வந்தவள், பேச்சோடு பேச்சாக, துணி இவ்வளவு ஈரமாக வராவிட்டால் இந்தச் சூடே வைக்க வேண்டாமே என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மருமகள் யார் தொட்டது என்று கேட்கவில்லை. ஏன் ஈரமாக வருகிறது என்று கேட்டாள்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. நீராவி அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டு, பெரிய மெஷினின் வடிகால் அடைத்துக் கிடக்கிறது என்றார். அது எனக்கும் தெரியும் என்றாள் மின்னல். எனக்கும், எனக்கும் என்று கூடம் முழுக்கக் குரல். மெக்கானிக்கை வரவழைத்துக் குழாயைக் கழற்றினால், ஆஸ்பத்திரி விரிப்புகளோடு வந்து சேர்ந்த, காயத்துக்குக் கட்டும் துணிச் சுருள்கள் உள்ளே உருண்டை பிடித்து இறுகிக் கிடந்தன. அதை எடுத்துப் போட்டுவிட்டு மெஷினை ஓட்டியபோது தண்ணீர் சலசலவென்று இறங்கிப் போயிற்று. அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு தினமும் வேலை தொடங்கும் முன் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்று பேசுவது வழக்கமாயிற்று. நேற்று எது கையைக் கட்டிப்போட்டது என்பதுதான் பேச்சு. தள்ளுவண்டிச் சக்கரம் கோணல் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியிலேயே அழுக்குத் துணியை வகை வகையாகப் பிரித்து மூட்டை கட்டி அனுப்பினால் பாதி வேலை மிச்சம் என்றார் இன்னொருவர். உருளைப் பக்கம் ஒரு மின்விசிறி இருந்தால் தேவலை என்றாள் மின்னல். விசிறி வந்தது, சக்கரம் மாறியது, துணி வகை பிரித்த மூட்டைகளாக வந்தது. கிழிசல்கள் உள்ளே ஒளியாமல் தனிக் கூடையில் விழுந்தன. வேன் மறுபடி மதியமே புறப்பட்டது. அதே ஆட்கள், அதே மெஷின்கள்.

இது எதுவும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவருக்குத் தெரியாது. மாமியாரிடம் வெற்றிச் சேதி சொல்லப் போய், அது சொல்லிக்காட்டுவது போல ஆகிவிடுமோ என்று மருமகள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முதுகு இருக்கிறதே, அது பொய் சொல்லாது. ஒரு நாள் காலையில் நர்ஸ் புது விரிப்பை உதறிப் போட்டபோது, முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. மூக்கருகே இழுத்து முகர்ந்தார். வெயிலில் காய்ந்தது போல ஒரு வாசனை. வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. ஓரத்தைத் திருப்பி லாண்டரி முத்திரையைத் தேடினார். அவருடைய லாண்டரியின் முத்திரைதான்.

மருமகள் வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"யாரை வேலையை விட்டு எடுத்தே?"

"யாரையும் எடுக்கல அத்தை."

"புதுசா யாரைச் சேத்தே?"

"யாரையும் சேக்கல."

"அப்புறம் எப்படி?"

மருமகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வறுபட்ட தலையணை உறையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். வடிகால் கதை வந்தபோது மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சா?"

"எல்லாருக்கும்."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

மருமகள் நழுவிக் கிடந்த போர்வையை அவர் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள். முதலாளியம்மா விரிப்பை நீவிவிட்டபடி, விழுந்த அன்றைக்கு மின்னலின் மடி எவ்வளவு மெத்தென்று இருந்தது என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார்.

ஊன்றுகோலோடு அவர் திரும்பி வந்த அன்று கூடம் பழையபடி விறைத்துக்கொண்டது. பேச்சு நின்றது, முதுகுகள் நிமிர்ந்தன. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாடியிலிருந்து மருமகள் போனோடு ஓடி வந்தாள். ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் மேல்மாடிக் குழாய் வெடித்து, சுத்தமாக அடுக்கி வைத்திருந்த அத்தனை விரிப்பும் அழுக்குத் தண்ணீரில் ஊறிவிட்டதாம். மாற்றுவதற்கு ஒரு விரிப்புகூட இல்லை. சாயங்காலம் அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. அந்த இன்னொரு கம்பெனியைக் கேட்டுப் பார்த்தார்கள், நாளைக்குத்தான் முடியும் என்று சொல்லிவிட்டதாம்.

எல்லோரும் முதலாளியம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஆட்களைப் பார்த்தார்.

"முடியுமா? நீங்க சொல்றதுதான். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடறேன்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்து யாரும் கேட்டதில்லை. நீராவி அண்ணன் பாய்லரைத் திரும்பிப் பார்த்தார். "முடியும்மா" என்றார். பெருமூச்சு விடவில்லை.

வேன் மாற்றி வேன் வந்து ஈரத் துணியைக் கொட்டியது. யார் எங்கே நிற்பது என்று மின்னல் பிரித்துவிட்டாள், யாரும் மறுக்கவில்லை. மெஷின்கள் இடைவெளியில்லாமல் ஓடின. ஒருத்தர் களைத்தால் சொல்லாமலே அடுத்தவர் வந்து நின்றார். கூடம் முழுக்கப் பேச்சும் கேலியும். முதலாளியம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, உருளையிலிருந்து வரும் விரிப்புகளை மடிக்க உட்கார்ந்தார். அவசரத்தில் மின்னல் யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஓரம் கோணலா இருக்கு. பிரிச்சு மடிங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களின் கைகள் அப்படியே நின்றன. முதலாளியம்மா விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். கோணல்தான். பிரித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, மறுபடி மடித்து நீட்டினார்.

"இப்ப?"

"இப்ப சரிம்மா."

கைகள் மறுபடி ஓடின, முன்னைவிட வேகமாக.

வெயில் சாய்வதற்கு முன்பே கடைசி வேன் நிரம்பிவிட்டது. அது தெருமுனையில் திரும்பும் வரை எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள். அறுவை சிகிச்சை அறைக்கு விரிப்பு போய்விட்டது, ஒரு நோயாளியைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை என்றார் நிர்வாகி. இன்னொரு விஷயமும் இருக்கிறது என்று நிறுத்தினார். புதிதாகக் கட்டியிருக்கும் பிரிவின் வேலையும் இனி உங்களுக்குத்தான் என்றார். நீராவி அண்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். பேச்சே இல்லாத மனுஷர், தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூவல் போட்டார். முதலாளியம்மா ஒற்றைக் காலில் நின்றபடி மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்டச் சிரித்தார்.

புதுப் பிரிவு வந்ததும் இன்னும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒரு காலையில் மின்னல் தன் கூடப் பிறந்த தங்கையை அழைத்துக்கொண்டு வந்தாள். பல வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தவளாம். இத்தனை நாள் ஏன் கூட்டி வரவில்லை என்று முதலாளியம்மா கேட்டார். மின்னல் கொஞ்சம் தயங்கி, "இத்தனை நாள் இங்க வேணாம்னுதான் அவகிட்ட சொல்லிட்டிருந்தேன்ம்மா" என்றாள்.

முதலாளியம்மா அதை முழுதாக மனசில் வாங்கிக்கொண்டார். பிறகு கதவை அகலத் திறந்து, தங்கையை உள்ளே வரச் சொல்லி, தானே நடந்து ஒவ்வொரு மெஷினாகக் காட்ட ஆரம்பித்தார்.