சுவரோரத்துக் கட்டை

கறிக்கடையில் எலும்பு வெட்டுவது அவள் வேலை. கடை அண்ணனுடையது. தொடை, விலா, கழுத்து என்று அவன் கொக்கியிலிருந்து இறக்கிப் போடப் போட, அவள் கனத்த கத்தியை ஓங்கி ஒரே போடில் துண்டாக்குவாள். இரண்டாவது போடு போடுகிறவளுக்குக் கத்தி ஒரு கேடா என்பது அவள் கட்சி. வாடிக்கையாளர்கள் அவளை எலும்புக்காரி என்றுதான் சொல்வார்கள். அதற்கு அவள் கோபித்துக்கொண்டதில்லை. புருஷன் வாயிலிருந்து வந்த பெயர்களோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ மரியாதையான பெயர்.

அந்தப் புருஷனைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். லாரி ஓட்டுகிறவன். வெளியில் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் கைதான் பேசும். அவள் இரண்டு முறை அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தாள். இரண்டு முறையும் அண்ணன் சோறு போட்டு, புத்தி சொல்லி, அனுசரித்துப் போகச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டான். மூன்றாவது முறை அவளாக வரவில்லை, அண்ணன் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கொண்டுவந்தது. புருஷன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, தலையின் இடப்பக்கத்தைக் கதவு நிலையில் மோதியிருந்தான். மண்டை எலும்பில் விரிசல். இடது காது அன்றோடு செத்துப் போனது.

அதற்குப் பிறகு அண்ணன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. கடையிலேயே வேலையும் கொடுத்தான். அவளுக்கும் வாழ்க்கையில் வேண்டியது என்று ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அந்த ஆளின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இனி ஒருநாளும் நிற்கக் கூடாது. அதற்காகவே வெட்டுகிற கட்டையைச் சுவரோர மூலையில் போட்டுக்கொண்டாள். செத்த காது சுவர்ப்பக்கம், நல்ல காது கடைப்பக்கம். யார் உள்ளே வந்தாலும் கேட்டுவிடும். சுவருக்குள்ளிருந்து எவனும் முளைத்து வர முடியாது.

காது கேட்க வைக்கிற ஒரு கருவியைப் பற்றி யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தவன் அண்ணன்தான். செத்த காதுக்குப் பின்னால் மண்டை எலும்பில் துளை போட்டு ஒரு திருகை இறக்குவார்கள். புண் ஆறியதும் அதன்மேல் கருவியைச் சட்டைப் பொத்தான் மாதிரி சொடுக்கி மாட்டிக்கொள்ளலாம். வேண்டாதபோது கழற்றலாம், பலமாக அடிபட்டால் தானே கழன்று விழும். இடப்பக்கத்துச் சத்தத்தை அது வாங்கி, எலும்பு வழியாகவே வலது காதுக்குக் கொண்டு சேர்த்துவிடும். அதை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்த முதல் நாள், கத்தி கட்டையில் இறங்கிய சத்தம் அவள் மண்டைக்குள்ளேயே இறங்கியது. கதவு நிலை ஞாபகம் வந்தது. பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் வெட்டினாள்.

கருவியை மாட்டியபோதே காது டாக்டர் ஒரு விஷயத்தை அழுத்தந்திருத்தமாகச் சொல்லியிருந்தார். ‘இனிமே ரெண்டு பக்கமும் கேக்கும்மா. ஆனா எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாது. எல்லாம் ஒரே காதுலதான் விழும். அதனால திரும்பறதுக்கு முன்னாடி கண்ணால பாரு.’ அவர் இதைச் சொன்னபோது அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். திரும்பி வந்தவன் அவளுடைய இடப்பக்கம் குனிந்து, கேட்கிறதா என்று கிசுகிசுத்தான். கேட்டது. தலையாட்டினாள். அவ்வளவுதான். ஆட்டை ஒற்றைக் கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற அந்த முரட்டு ஆள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பார்க்கக் குழந்தை போல அழுதான். பஸ் ஏற்றிவிட்ட பாவமெல்லாம் அன்றைக்கே கழுவிப் போய்விட்டது போல ஒரு முகம். அதைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

சொல்லாததற்குக் கூலி உடனே கிடைத்தது. மறுவாரமே அண்ணன் கட்டையை மூலையிலிருந்து பெயர்த்துக் கடையின் நடுவில் போட்டுவிட்டான். ‘பழையபடி ஆயிட்ட இல்ல, இன்னும் என்ன மூலையில முடங்கிக்கிட்டு?’ என்றான். காற்றோட்டமாக இருக்கும் என்று அண்ணியும் ஒத்து ஊதினாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இதற்குப் பாசம் என்று பெயர், கிறுக்குத்தனம் என்றாலும் தப்பில்லை. யாராவது கூப்பிட்டால் கத்தியைக் கீழே வைத்து, எல்லோர் வாயையும் ஒருமுறை பார்த்து, அசைகிற வாய் எதுவோ அந்தப் பக்கம் திரும்பப் பழகிக்கொண்டாள். எலும்புக்காரிக்குத் திமிர் ஏறிவிட்டது, கூப்பிட்டால் மகாராணி மாதிரி நிதானமாகத் திரும்புகிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

விடுமுறை நாள் காலை. கடையில் நல்ல கூட்டம். அண்ணி கல்லாவில் இருந்தாள். அண்ணன் தங்கைக்கு வலப்பக்கம் நின்று, வெட்டிய துண்டுகளைத் தராசுத் தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் ஒரு முழுத் தொடையைக் கட்டையில் கிடத்திக் கத்தியை ஓங்கினாள்.

‘என்னடி, கெளம்பலாமா?’

புருஷனின் குரல். வலது காதுக்குள், மூச்சுப் படுகிற நெருக்கத்தில் கேட்டது.

கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது புத்திக்குத் தெரியும். உடம்பு புத்தியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஓங்கிய கத்தியோடு அப்படியே வலப்பக்கம் சுழன்றாள். கத்தி அண்ணனின் முன்கையில் எலும்பு வரைக்கும் இறங்கியது. தினமும் கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. அண்ணன் கத்தக்கூட இல்லை. தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தான். ரத்தம் பீய்ச்சியடித்துத் தராசின் மேலும் கறியின் மேலும் விழுந்தது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

புருஷன் அவளுக்குப் பின்னால், இடப்பக்கம் நின்றிருந்தான். கூடப் பிறந்தவனையே வெட்டுகிறாயா என்று கேட்டுக்கொண்டே எட்டித் தராசிலிருந்து எடைக்கல்லை எடுத்து அவள் நெற்றியில் அடித்தான். தோல் கிழிந்து, ரத்தம் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டது. கருவி திருகிலிருந்து தெறித்து எங்கோ போய் விழுந்தது. அவள் முழங்கால் மடங்கிச் சரிந்தாள். இடுப்பில் ஓர் உதை விழுந்தது. விலாவில் இன்னொன்று. வாய்க்குள் பல் ஒன்று உடைந்தது. கத்தியை மட்டும் அவள் விடவில்லை. உதைத்துவிட்டு அவன் பின்வாங்கிச் சுற்றி வந்தான். கண்ணும் போய்விட்டது, காதும் அரைகுறை, இனி இவள் எங்கே போகப் போகிறாள் என்று நினைத்திருப்பான்.

ஆனால் கருவி போனதும் அவளுக்கு உலகம் பழையபடி ஆகிவிட்டது. வலப்பக்கம் நடப்பது கணீரென்று கேட்கும், இடப்பக்கம் நடப்பது தலையைச் சுற்றி நல்ல காதுக்கு வந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். அண்ணனின் முனகல் கணீரென்று கேட்டது. அண்ணியின் அலறலும் அப்படியே. அவர்கள் இருவரும் வலப்பக்கம். புருஷன் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தான். மெதுவாக ஏசுகிற வழக்கம் அவனுக்கு என்றைக்கும் கிடையாது. இருந்தும் அது எங்கோ பக்கத்துத் தெருவில் நடக்கிற சண்டை போல அவளுக்குத் தேய்ந்து வந்தது. அப்படியென்றால் அவன் இடப்பக்கம் நிற்கிறான். இந்தத் தடவை அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

தரையோடு தரையாக இடப்பக்கம் வீசினாள். கத்தி அவன் முழங்காலில் ஏறியது. அவன் விழுந்தான். கண்ணைத் துடைக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் தவழ்ந்துபோய், கைக்குப் பட்ட தோளில் இன்னொன்று போட்டாள். பயம் என்பது அப்போது அவளிடம் மருந்துக்கும் இல்லை. இத்தனை வருஷமும் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுக்கிற வெறி மட்டும்தான் இருந்தது. மூன்றாவதாக ஓங்கியபோது அண்ணி பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, இருவருமாக ரத்தத்தில் வழுக்கி விழுந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் கையைத் தைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இரண்டு விரல்கள் இனி மடங்காது, கத்தி பிடிக்க முடியாது என்றார்கள். புருஷன் வேறொரு தளத்தில் போலீஸ் காவலில் கிடந்தான். அவனுடைய காலை எடுத்தாகிவிட்டது. அண்ணன் போலீஸிடம் தங்கச்சிக்குக் கை தவறிவிட்டது, வேறு ஒன்றும் இல்லை என்று சாதித்துவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து அவள் அழுகையை அடக்க முடியாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். கருவி உடைந்து போயிருந்தது. தலைக்கட்டோடு, நல்ல காது அண்ணன் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

‘அண்ணே, அத மாட்டுன நாள்லேர்ந்தே சத்தம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. டாக்டர் அப்பவே சொன்னாரு. நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த, அதான் சொல்லல. சொல்லியிருந்தா உன் கை நல்லா இருந்திருக்கும்.’

அண்ணன் தண்ணீர் கேட்டான். அவள் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

‘நானும் ஒண்ணு சொல்லலம்மா. அவனா வரல. நாந்தான் வரச் சொன்னேன்.’

புருஷன் போன் மேல் போன் போட்டதாகவும், குடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்ததாகவும், ஒரு பெண் எத்தனை காலம் தனியாக இருக்க முடியும் என்று அண்ணியும் சொன்னதாகவும் அண்ணன் அடுக்கிக்கொண்டே போனான். கடையில் நாலு பேர் முன்னால் என்றால் அவன் மரியாதையாகப் பேசுவான் என்று அண்ணன் நினைத்தானாம்.

‘அவன் எனக்குப் பண்ணினது மறந்துபோச்சா உனக்கு?’ என்று கேட்டாள்.

‘மறக்கலம்மா. காதுதான் சரியாயிடுச்சேன்னு நெனச்சேன்.’

அவள் காலி டம்ளரை மேசைமேல் வைத்தாள். பிறகு அண்ணனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். முதல் வெட்டு ஆள் மாறி விழுந்துவிட்டதே என்று அதுவரை அழுதுகொண்டிருந்தவள், மாறவில்லை என்று தோன்றியதும் அழுகையை நிறுத்தினாள்.