சாமியம்மாவின் மெத்தை

"அக்கா, நீங்க சரின்னு சொன்னாத்தான் இது அச்சுக்குப் போகும்" என்று பிர்கிட் நாலு தாள்களை நீட்டினாள். டென்மார்க்குக்காரி. எங்கள் மாடியில் இரண்டு வருடமாகத் தங்கி, ஊர்ச் சடங்குகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாள். அன்று சாயந்தரம் எங்கள் வீட்டில் வயல்சாமி விருந்து. நான் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தேன்.

"எழுத்து பொடிப்பொடியா இருக்கு. நீயே படி."

படித்தாள். அறுவடை முடிந்ததும் வயல்சாமியையும் அவர் மனைவி சாமியம்மாவையும் வீட்டுக்கு அழைப்பது, வருடமெல்லாம் சேற்றில் கிடந்து இருவருக்கும் கண் தெரியாமல் போனது, என் வீட்டுக்காரர் கிசபுரோ வெறும் காற்றுக்குப் 'படி இருக்கு, பாத்து' என்று வழிசொல்வது, வெந்நீர்க் குளியல், சாமிகள் உட்காரப் போட்ட இரண்டு காலி மெத்தைகளுக்கு முன்னால் சாப்பாட்டை வைத்து ஒவ்வொன்றாக இன்னதென்று சொல்வது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் வந்தது வினை.

"'மனைவியிடம் சொல்ல வராததையெல்லாம் இந்தக் கணவர் சாமியிடம் சொல்கிறார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். விருந்து உண்மையில் அவளுக்குத்தான்.'"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பத்தொரு வருடத்தில் அந்த மனுஷர் என்னிடம் பேசியதைக் கூட்டினால் 'சோறு', 'வெந்நீர்', 'படுக்கலாம்' தேறும்.

"அந்தக் காலத்துல அவரோட அப்பா சொன்னத அவரு அட்சரம் பிசகாம ஒப்பிக்கிறாரு. இதுல நான் எங்கடி வந்தேன்? ஊருல படிச்சா சிரிப்பா சிரிக்க மாட்டாங்க?"

"எனக்கு அப்படித்தான் தோணுது, அக்கா."

"தோணும், தோணும். ரெண்டு வருஷம் என் சோத்தத் தின்னுட்டு என்னையே அளந்திருக்க. இன்னைக்குப் பாத்துடுவோம். நான் அந்த மெத்தையிலயே உக்காரறேன். எனக்குன்னு ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வந்தா, இது இருக்கட்டும். வரலன்னா கிழிச்சு அடுப்புல போட்டுடணும்."

"சரிக்கா" என்றாள், முகம் வெளுத்து. இரண்டு வருட உழைப்பு அவளுக்கு. எனக்குள்ளும், அவள் எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒரு ஆசை, எங்கே இருந்ததோ, எட்டிப் பார்த்தது.

இருட்டுகிற நேரத்தில் கிசபுரோ சடங்கு உடுப்போடு வயலிலிருந்து சாமிகளை அழைத்து வந்தார். குளியல் முடிந்து, தட்டுகளை வைத்துவிட்டு, தலை பாயைத் தொடக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து நான் போய்ச் சாமியம்மா மெத்தையில் உட்கார்ந்துகொண்டேன்.

நிமிர்ந்தார். பார்த்தார். காது மடல் சிவந்தது. எழுந்து போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"வருஷமெல்லாம் பாடுபட்டீங்க. களைச்சிருப்பீங்க" என்று தொடங்கினார். அதே பழைய வரிதான். ஆனால் காலி மெத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இது சிவப்புப் பயறுச் சோறு. இது முள்ளங்கி. இது மீனு, முள்ளு இருக்கு..."

அங்கே நின்றுவிட்டார். சாப்பாட்டுக் குச்சியை எடுத்து, மீனைப் பிளந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்தார். அவர் அப்பா ஒருநாளும் செய்யாத வேலை.

"முள்ளு எடுத்தாச்சு. சூப்புக் கிண்ணம் இடது பக்கம் இருக்கு, கை பட்டுடப் போகுது. இடது கண்ணு மூணு மாசமா சரியாத் தெரியலை, இல்ல? ஊசி கோக்கறப்பப் பாத்தேன். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

யாரிடமும் நான் மூச்சு விடாத விஷயம். மீன் கலங்கலாகத் தெரிந்தது, இரண்டு கண்ணிலும். "உப்புக் கம்மி" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நீதானே சமைச்ச" என்றார், சட்டென்று பழைய கிசபுரோவாகி. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சாமிகளும் கேட்டிருக்கும்.

கதவுக்குப் பின்னால் பிர்கிட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க மெத்தையில உக்காந்ததுக்கு என்ன அர்த்தம்னு எழுதட்டும்?"

"பசிச்சுது, உக்காந்தாள்னு எழுது" என்றேன். "அந்த நாலு தாளும் அப்படியே போகட்டும். மீன் முள்ளு விஷயம் மட்டும் எங்க வீட்டோட இருக்கட்டும்."