மிச்சமிருக்கும் கிட்னி

அண்ணனுக்குக் கிட்னி கொடுத்த நாளிலிருந்து தங்கைக்கு மரியாதை கூடிவிட்டது. பாழாய்ப் போன மரியாதை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை லோடு லோடாக வெளுத்து அனுப்பும் அந்தச் சலவைக் கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. அண்ணன் டெலிவரி பிரிவு. அவள் பதினோரு வருடமாக நீராவி உருளையில் விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். எந்தத் துணியை எவ்வளவு சூட்டில் விடலாம் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடமாகிறது. மூன்றாம் மாதமே அவள் வேலைக்குத் திரும்பி உருளையின் முன் நின்றாள். வருடம் ஒருமுறை பரிசோதனை, அவ்வளவுதான். ஒரு மாத்திரைகூடக் கிடையாது. அண்ணனுக்கோ ஆயுசு முழுக்க வேளா வேளைக்கு மாத்திரை. இருந்தும் ஊர் பார்வையில் அவன் பிழைத்து வந்தவன், இவள் சீக்காளி. துணி மடிக்கிற அக்கா ஒருநாள், "சிரிச்சா உள்ள இழுக்குமா?" என்று கேட்டாள். கேட்ட பிறகு சிரிக்கவும் தோன்றவில்லை.

இஸ்திரிப் பிரிவின் சூப்பர்வைசர் ஓய்வு பெறும்போது அடுத்தது நீதான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலைக்காக அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது உருளைக்குத்தான் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று, எல்லா வேலையும் செய்யலாம் என டாக்டர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டோடு மேனேஜரைப் பார்க்கப் போனாள்.

"உட்காருங்கம்மா, நிக்காதீங்க," என்றார் மேனேஜர். "நீங்க செஞ்சது லேசுப்பட்ட தியாகமா? உங்களப் போய் நாலு பேர மேய்க்க விட்டா எங்களுக்குத்தான் பாவம்."

"சர்டிபிகேட்டப் படிச்சீங்களா சார்?"

"டாக்டர் ஆயிரம் எழுதுவாங்க. உங்க அண்ணனே வந்து சொன்னாரு, ஒத்தக் கிட்னி, தாங்காதுன்னு. கூடப் பொறந்தவருக்குத் தெரியாததா?"

"அப்ப அந்த வேலை யாருக்கு சார்?"

"உங்க அண்ணனுக்குத்தாம்மா. வீட்ட விட்டு வெளிய போகல பாருங்க."

வெளியார் யாராவது கெடுத்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியாவது தீர்த்திருப்பாள். நேராக டெலிவரி பிரிவுக்குப் போனாள். அண்ணன் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்றான் அவள் கேட்பதற்கு முன்பே. "எனக்கு உசுரு குடுத்தவ நீ. உன்ன நான் பாத்துக்க வேணாமா?"

"உனக்கு வேலை செய்யற கிட்னி எத்தனண்ணே?"

"ஒண்ணு."

"எனக்கு?"

"அதுவும் ஒண்ணுதான். ஆனா டாக்டருங்க நல்லதாப் பாத்துத்தானே எடுத்து எனக்கு வச்சிருப்பாங்க? உங்கிட்ட இருக்கறது மிச்சந்தானே?"

இரண்டு வருடமாக இந்த மனிதன் மனதில் ஓடியது இதுதானா? ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, ஆபரேஷனுக்கு முன் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"தப்புண்ணே. ரெண்டுல வித்தியாசம் இருந்தா, நல்லத குடுக்கறவங்ககிட்டயே விட்டுடுவாங்க. எனக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்துச்சு. நல்லது எங்கிட்டதான் இருக்கு. உனக்கு வச்சது அதுக்கு அடுத்தது."

இனியாவது புரியும், மேனேஜரிடம் வந்து தான் சொன்னது தப்பு என்பான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் மெல்லச் சுருங்கியது. கையிலிருந்த சீட்டைக் கசக்கிக் கீழே போட்டான்.

"அப்ப மட்டமானதத்தான் எங்கிட்ட தள்ளிவிட்டியா?"

திங்கட்கிழமை அவன் சூப்பர்வைசராக வந்து உட்கார்ந்தான். தங்கை நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டாளாம் என்ற செய்தி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.