எந்தக் கடைப் பால்கோவா

வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூரில் பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை ராஜபாளையம். வைகாசி மாதம் ஊருக்கு வருகிறவள் தூங்கவும் மாம்பழம் தின்னவும்தான் வருவாள். நானும் அந்தத் திட்டத்தோடுதான் வந்தேன். அப்பா வேறு திட்டம் வைத்திருந்தார்.

ஆனியில் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பொன்னுராஜ், கோவில்பட்டிக் குடும்பம். இப்போது அப்பா அம்மாவோடு ஓசூரில் இருக்கிறார். என்னோடு ஒரே கம்பெனியில் வேலை. நானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்பதால் இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அம்மாவும் அப்பாவும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது அக்கா மட்டும்தான்.

அக்கா பெயர் வேலுத்தாய். அப்பத்தா பெயரை வைத்ததால் ஏதோ அந்தக் காலத்து ஆள் போலத் தெரியும், வயது முப்பத்துநாலுதான். கட்டிக்கொடுத்தது பதினோரு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில். எட்டு மாதத்துக்கு முன்னால் அத்தானின் சித்தப்பா மகனை எனக்குப் பேசி முடிக்கிற அளவுக்கு அவள் போய்விட்டாள். நான் மாட்டேன் என்றேன். அவ்வளவுதான், பேச்சை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு வந்தவள் அம்மாவோடு பேசினாள், அப்பாவோடு பேசினாள், பக்கத்து வீட்டு நாயைக்கூடக் கொஞ்சினாள். என்னை மட்டும் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனாள். நானும் சளைத்தவள் இல்லை. போன் போடவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம், வாயில் மாம்பழமும் முழங்கை வரை சாறுமாக நான் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து அப்பா ஆரம்பித்தார். கூடப்பிறந்தவள் வராமல் நிச்சயம் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். அப்படியானால் நீங்களே போய்க் கூப்பிடுங்கள் என்றேன். அம்மா அத்தானிடம் சொல்லிப் பார்க்கலாமே என்றாள். முப்பத்தைந்து வருஷம் மில்லில் வேலை பார்த்தவர் என் அப்பா ஐயாதுரை. மெஷின் சத்தத்தில் பழகிய தொண்டை.

"சாட்சிக்காரன் கால்ல விழுறதுக்குச் சண்டைக்காரன் கால்ல விழலாம். ஏட்டி, நீ போயி நேர்ல கூப்பிடு. நாளைக்கே போ."

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஒரு பை நிறையச் சப்பட்டை மாம்பழம் எடுத்து வைத்தாள். எங்கள் வீட்டில் ஒரே மரம். வருஷா வருஷம் முதலில் பழுக்கிறது அக்காவுக்குத்தான் போகும். இந்த வருஷம் காய்ப்பு குறைவு. அப்படியும் பை நிறைந்துவிட்டது. மிச்சம் இருந்த நாலு பழத்தை எண்ணிப் பார்த்தபடி பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எனக்கு ஒரு யோசனை. ஆபீசில் ஆளாளுக்குப் பால்கோவா கேட்டிருந்தார்கள். திரும்பும்போது கூட்டமாக இருக்கும், இப்போதே வாங்கிவிடலாம் என்று எதிரில் தெரிந்த கடையில் நுழைந்து, ருசி பார்க்கக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, இரண்டு கிலோ வாங்கி, மாம்பழப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அக்கா வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். பயம்தான். கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது?

கதவைச் சாத்தவில்லை. திறந்தாள், பார்த்தாள், உள்ளே திரும்பிப் போய்விட்டாள். வா என்று சொன்னது அத்தான் கருத்தப்பாண்டி. பாவப்பட்ட மனுஷர். அடுத்த அரைமணி நேரம் அவரை இரண்டு பேரும் சேர்ந்து படுத்தி எடுத்தோம். உட்காரச் சொல்லுங்கள் என்று அக்கா அடுப்படியிலிருந்து சொல்வாள். அவர் என்னைப் பார்த்து உட்காரும்மா என்பார். காப்பியா மோரா என்று கேட்கச் சொல்வாள். மோர் என்று நான் அவரிடம் சொல்வேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறடி தூரம்கூட இல்லை.

வந்த விஷயத்தையும் அத்தானிடமே சொன்னேன். ஆனி பதினெட்டு நிச்சயம், நீங்களும் அக்காவும் கட்டாயம் வரவேண்டும் என்றேன். அவர் அடுப்படியைப் பார்த்தார். அங்கிருந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது. பாத்திரம் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோரைக் குடிக்கிற சாக்கில் டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அத்தானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரண்டு மாம்பழத்தை எடுத்துக்கொண்டு, அரிவாள்மனை பின்பக்கம் கிடப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார். அக்கா மிச்சப் பழத்தை எடுத்து வைக்கப் பையைக் கவிழ்த்தாள். பழங்களோடு பால்கோவா டப்பா இரண்டும் வந்து விழுந்தன.

அவள் ஒரு டப்பாவைக் கையில் எடுத்தாள். மூடியில் இருந்த கடைப் பெயரைப் படித்தாள். அத்தானைத் தேடினாள், அத்தான் இல்லை. என்னைப் பார்த்தாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"ஏட்டி, இதை எந்தக் கடையில வாங்குன?"

எட்டு மாதம் கழித்து அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பஸ் ஸ்டாண்டு எதிரில் என்றேன். அது தனக்கு என்றுதான் நினைத்துவிட்டாள் போல, புத்தூர் வீட்டுக்கே பால்கோவாவா என்று ஆரம்பித்தாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற ஆளா நான்? ஆபீசுக்கு என்று சொன்னேன். அதற்கு இன்னும் பெரிதாகக் கோபம் வந்தது.

இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு கடை உண்டு. சாமி மாறினாலும் மாறுவார்கள், கடை மாற மாட்டார்கள். அக்கா பன்னிரண்டு வருஷத்தில் முழுப் புத்தூர்க்காரி ஆகிவிட்டிருந்தாள். மூடியைத் திறந்து ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடித் தீர்ப்பு சொன்னாள்.

"சீனி நறநறங்குது. இதைக் கொண்டுபோயி எங்க அக்கா ஊரு பால்கோவான்னு குடுப்பியா? எம் மானம் என்னத்துக்கு ஆகும்? எந்திரி."

எழுந்தேன். ஸ்கூட்டியில் பின்னால் ஏறச் சொன்னாள். தேரடி தாண்டி ஒரு சந்துக்குள், போர்டுகூட இல்லாத கடை. பின்கட்டில் புளிய விறகு எரிய, பெரிய இரும்புச் சட்டியில் பால் வற்றிக்கொண்டிருந்தது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு. இறக்க இன்னும் செத்த நேரம் ஆகும் என்றார் கடைக்காரர். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வேர்வை ஆறாய் ஓடியது.

அக்கா சட்டியைப் பார்த்தபடியே பேசினாள். "நீ அந்தப் பையனை வேண்டாம்னதுல எனக்குக் கோவம் இல்ல. உம் மனசுல ஒருத்தர் இருக்காகன்னு எங்கிட்டச் சொல்லல பாரு, அதான். அம்மா போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

பயந்துதான் சொல்லவில்லை என்றேன். யாருக்குப் பயம் என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அடி வாங்கினால் அவளிடம்தான் ஓடுவேன். இதை மட்டும் ஏன் மறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். அவள் முந்தானையால் என் முகத்து வேர்வையைத் துடைத்தாள். வேர்வை மட்டும்தான் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

சட்டி இறங்கியது. சூடு ஆறுமுன்னே பூவரச இலையில் ஆளுக்கொரு விள்ளல் கிடைத்தது. உள்ளதைச் சொன்னால், அந்தக் கடைக்கும் இந்தக் கடைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தலையை மட்டும் பலமாக ஆட்டினேன். ஆபீசுக்கு இரண்டு கிலோ நிறுக்கச் சொன்னாள். நான் எழுந்தேன். அவள் எழவில்லை.

"அண்ணாச்சி, தனியா இன்னொரு கிலோ போடுங்க. நல்லாக் கட்டிக் குடுங்க, தூரம் போகணும்."

அது யாருக்கு என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்குத்தான், வேற யாருக்கு? கடலைமிட்டாய் ஊர்க்காரவிய, இனிப்புல நாக்கு நீளமா இருக்கும். அக்கா குடுத்து விட்டான்னு சொல்லிக் குடு. நிச்சயத்துக்கு அவ சூடாக் கொண்டு வருவான்னும் சொல்லு."

வீட்டுக்குத் திரும்பியபோது அத்தான் மாம்பழத்தை நறுக்கித் தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக் கடை டப்பாவில் பாதியை முடித்திருந்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதை மட்டும் நான் அக்காவிடம் போய்ச் சொல்லவில்லை.