பிறீசர் பெட்டியும் பன்னிரண்டாம் திகதியும்

மன்னார்க் கடைத்தெருவில் கருவாட்டு யாவாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு, சொன்ன விலைக்கே ஒன்றை வாங்குவது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றம். அம்புறோஸ் அப்படிப் பிறந்தவர். மொன்ட்ரியாலுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும், ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியனின் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கி நாரியெலும்பு ஒடிந்தும், அந்தக் குணம் மட்டும் போகவில்லை. மாதாவோடும் அவர் பேரம்தான் பேசினார்.

2008 சித்திரையில் சண்டை கிட்ட வர, மடுக் கோயிலிலிருந்த மாதாவின் சுரூபத்தையே சாமிமார் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். அதே கிழமை இன்னொரு செய்தியும் வந்தது. அம்புறோசின் ஒரே தம்பி அன்டன், அடம்பனில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தவன், மனைவி பிரியந்தியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வன்னிக்குள் போய்விட்டானாம்.

மொன்ட்ரியால்-நோர் வாடகை வீட்டின் குசினிச் சுவரில் மடு மாதா படம் இருந்தது. அம்புறோஸ் அதன் முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, மனைவி றோசலினுக்குக் கேட்கும்படி சத்தமாகவே நேர்ந்தார்.

"தாயே, அன்டன் உயிரோடை வெளியிலை வருமட்டும் கடையிலை ஒரு சொட்டுக் குடிவகை வாங்கமாட்டன்."

"வாங்கமாட்டன் எண்டோ, குடிக்கமாட்டன் எண்டோ?" என்றாள் றோசலின்.

"வாங்காமல் எப்பிடியப்பா குடிக்கிறது?"

அன்றைக்கு அவர் கள்ளமில்லாமல்தான் அப்படிச் சொன்னார். பத்து மாதம் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். கலியாண வீட்டில் சும்மா வந்த கிளாசைக்கூடத் தள்ளிவிட்டுத் தோடம்பழச் சாறு குடித்தார். ஆனால் வன்னியில் ஊர்கள் ஒவ்வொன்றாக ஆமியிடம் போய்க்கொண்டிருந்தன. றேடியோவில் ஒரு ஊரின் பெயர் வரும்போதெல்லாம், அன்டன் அங்கே நின்றானோ, அதற்கு முந்தியே கிளம்பியிருப்பானோ என்று அவருக்கு அன்றிரவு நித்திரை வராது. நித்திரைக்கு மருந்து தெரியும். அதற்குத்தான் நேர்த்தி குறுக்கே நின்றது.

நத்தார் கழிந்த கையோடு மகேந்திரராசா வந்தார். யாழ்ப்பாணத்துச் சைவம், குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற வேலை, அம்புறோசை விடப் பத்து வயது மூப்பு, ஊர்ப்பட்ட நியாயம் பேசுகிறவர்.

"கடையிலை வாங்கமாட்டன் எண்டுதானே சொன்னனீ? வீட்டிலை பியர் காய்ச்சினால் அது எந்தக் கடைச் சரக்கு?"

"பாகு, புளிக்கவைக்கிற மதுவம் எல்லாம் கடையிலைதானே அண்ணை வாங்கவேணும்?"

"அது பார்லிப் பாகும் மதுவமும். பாண் போடுறவனும் அதைத்தான் வாங்குறான். அவனைப் போய்க் குடிகாரன் எண்டு சொல்லுவியோ?"

றோசலின் அடுப்படியிலிருந்து திரும்பவேயில்லை. "மாதாவுக்குச் சட்டம் தெரியாது எண்டு ரெண்டு பேரும் நினைக்கிறீங்கள்போலை," என்றாள்.

"தங்கச்சி, உங்கடை மாதாவுக்கு நான் பொறுப்பில்லை. பியரைக் குளிராக்கிற பிறீசருக்கு மட்டும்தான் நான் பொறுப்பு," என்றார் மகேந்திரராசா.

பியர் வாளிக்குள் புளித்துக்கொண்டிருந்த மூன்று கிழமையும் பிறீசரைக் குழாய் வைத்த பியர்ப் பெட்டியாக்குகிற வேலை பேஸ்மன்டில் நடந்தது. அங்கே கிடந்த பிறீசர் பெட்டி, மேல்மூடி திறக்கிற வகை, ஒரு ஆள் படுக்கலாம். அதற்குள் றோசலின் சேர்த்து வைத்திருந்த பன்றி இறைச்சி, திருக்கை, பாதி ஆடு எல்லாவற்றையும் அவளே எடுத்து, கோயில் பங்கில் உள்ள நாலு வீட்டுக்குக் கொடுத்து முடித்தாள்.

அம்புறோஸ் டிறிலைத் தூக்கிக்கொண்டு பெட்டியின் பக்கச் சுவருக்குப் போனார். மகேந்திரராசா கையைப் பிடித்தார்.

"சுவரிலை ஓட்டை போட்டியோ, பெட்டி செத்துப் போகும். காஸ் போற குழாய் முழுக்க அந்தத் தகரத்துக்குப் பின்னாலைதான் நரம்புமாதிரி ஓடுது. எந்த இடத்திலை ஓடுது எண்டு செய்தவனுக்கே தெரியாது."

ஆகவே மூடியைப் பிணைச்சலோடு கழற்றினார்கள். பெட்டியின் வாய்விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சட்டம் வைத்து, இடைவெளியெல்லாம் சிலிக்கோன் பூசி, சட்டத்தின் மேல் மூடியைத் திரும்பப் பூட்டினார்கள். துளை போட்டது மரத்தில்தான். மூன்று துளை, மூன்று பித்தளைக் குழாய். உள்ளே, சோடாக் கொம்பனி கழித்துவிட்ட மூன்று எவர்சில்வர்ப் பீப்பாவும் ஒரு காபனீரொக்சைட்டுச் சிலிண்டரும். பிறீசர் விட்டபாட்டுக்கு ஓடினால் பியர் கல்லாகிவிடும். அதற்காக உள்ளே ஒரு உணரியைத் தொங்கவிட்டு, மூன்று பாகைக்கு வந்ததும் கரண்டை வெட்டுகிற தேமோஸ்டாட் ஒன்றை வெளியே பொருத்தினார் மகேந்திரராசா.

"வெளியிலை மைனஸ் இருவது. பல்கனியிலை வைச்சாலே குளிராதோ?" என்று படியில் நின்று கேட்டாள் றோசலின்.

"வெடிச்சுப் போகும் தங்கச்சி. இந்த நாட்டிலை குளிரையும் அளந்துதான் எடுக்கவேணும்."

பெப்ரவரி, ஊர் வழக்கில் மாசி, பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, அன்டன் கதைத்தான். யாரோ ஒருவரின் சற்றலைற் போன், இரண்டு நிமிடம். முதலில் றோசலின் எடுத்துக் கதைத்துவிட்டு அம்புறோசிடம் கொடுத்தாள்.

"அண்ணை, இருக்கிறம். பிள்ளையளும் இருக்குதுகள். நீ குடிக்கிறேல்லையாம், அண்ணி சொல்லுறா. உண்மையோ?"

"ஒரு சொட்டும் இல்லையடா." அந்த நேரம் அது உண்மைதான். கீழே பீப்பா நிறைந்திருந்தது. குழாயைத்தான் இன்னும் திறக்கவில்லை.

"எனக்காண்டியோ? அப்ப நான் கெதியா வரவேணும். இல்லாட்டி நீதான் முதல் செத்துப்போவாய்." சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது.

பதினாலாம் திகதி, சனிக்கிழமை பின்னேரம், மகேந்திரராசா நடுக் குழாயைத் திறந்தார். முதலில் நுரை மட்டும்தான் வந்தது. அமுக்கத்தைக் குறைத்தார். இரண்டாவது கிளாஸ் பொன்னிறமாக இறங்கியது.

"பிடி," என்றார்.

அம்புறோஸ் கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி சிரித்தது காதில் இருந்தது. சிரிக்கிறவனுக்கு என்ன நடக்கப்போகிறது? கடையிலும் வாங்கவில்லை. குடித்தார். நல்லாய்த்தான் இருந்தது.

அதன்பிறகு தினமும் வேலையால் வந்ததும் கீழே இறங்கினார். வன்னியிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. மாசி போய், பங்குனி போய், சித்திரையும் போனது.

வைகாசியில் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து பிரியந்தி போன் எடுத்தாள். அவளும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அன்டன் வரவில்லை. வலைஞர்மடத்தில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்து வெடித்ததாம்.

றோசலின் பக்கத்தில் நின்று வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அம்புறோஸ் அழவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினையாம் திகதி, பிள்ளை?"

"தெரியாது அத்தான். அங்கை ஆருக்குத் திகதி தெரியும்?"

"போன் கதைச்சது பத்தாந்திகதி. அதுக்குப் பேந்து எத்தினை நாள்?"

"கன நாளோ... சரியாத் தெரியேல்லை. இடம் மாறிக்கொண்டே இருந்தனாங்கள்."

"ரெண்டு நாள் இருக்குமோ? மூண்டு நாள்?"

"இருக்கும் எண்டும் சொல்லேலாது."

"இல்லை எண்டும் சொல்லேலாதுதானே?"

"அத்தான்..."

"மழை பெய்ததோ அண்டைக்கு? என்ன கிழமை? யோசிச்சுச் சொல்லு பிள்ளை."

சந்தையில் சாயங்காலம் மிஞ்சிய தக்காளிப் பெட்டிக்கு விலை குறைக்கிறவனின் குரல் அது. நாலு நாள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பத்துக்கும் பதினாலுக்கும் நடுவில் தம்பி செத்திருந்தால், அந்தச் சாவுக்கும் கிளாசுக்கும் சம்பந்தமில்லை. பதினாலு தாண்டியிருந்தால், மாதா கணக்கைப் பார்த்துவிட்டாள்.

பிரியந்தி விம்மினாள். பூசைக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள், பாவம். "நீங்களே ஒரு திகதி பாத்து வையுங்கோ அத்தான். நீங்கள் வைக்கிறதுதான் எங்களுக்குத் திகதி," என்று போனை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு, பங்கில் ஆண்டுப் பூசைக் கொப்பி வைத்திருக்கும் அல்போன்சம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "பேர் அன்டன். இறந்த திகதி?"

"மாசி பன்ரெண்டு."

தயங்காமல் வந்தது. வாசலில் காரடிக்கு வந்ததும் றோசலின் கேட்டாள்.

"பன்ரெண்டு எண்டு ஆர் சொன்னது?"

"பிரியந்தி."

"நான் பக்கத்திலை நிண்டனான்."

அவர் காரை ஸ்டார்ட் பண்ணினார். வீடு வரும்வரை அவள் திரும்பக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அம்புறோசுக்கு அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று விளங்கவில்லை. ஆனால் வியாபாரம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டார்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை காலை பிரியந்தி திரும்ப எடுத்தாள். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"அத்தான், திகதி கிடைச்சிட்டுது. உள்ளுக்கை நிண்ட ஒரு சாமியார் செத்த ஆக்களையெல்லாம் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடக் கொப்பி ஒண்டிலை எழுதி வைச்சிருக்கிறார். இவரின்ரை பேரும் கிடக்கு. பங்குனி ஒன்பது, திங்கட்கிழமை. எனக்கும் இப்ப ஞாபகம் வருது, முதல் நாள் ஞாயிறு, பூசைக்குப் போனனாங்கள்."

பெப்ரவரி பதினாலிலிருந்து மார்ச் ஒன்பதுவரை இருபத்து மூன்று நாள். அந்த இருபத்து மூன்று நாளும் தம்பி உயிரோடு நடமாடியிருக்கிறான். அந்த இருபத்து மூன்று நாளும் அவர் படியிறங்கிப் போயிருக்கிறார்.

"அத்தான், கேக்குதோ? கோயிலிலை சொல்லித் திகதியை மாத்திவிடுங்கோ, என்ன?"

"இஞ்சை அச்சடிச்சாச்சு பிள்ளை," என்றார் அம்புறோஸ். ஒன்றும் அச்சடிக்கவில்லை. "ஒருக்கா எழுதினால் இஞ்சத்தைச் சாமிமார் மாத்தமாட்டினம்."

"அப்பிடியோ..." என்றாள். "காரியமில்லை. நாங்கள் இஞ்சை பங்குனியிலை வைக்கிறம். நீங்கள் அங்கை மாசியிலை வையுங்கோ. ரெண்டு பூசை கிடைச்சால் அவருக்கு நல்லந்தானே."

"ஓம் பிள்ளை. நல்லது."

போனை வைத்தபோது றோசலின் மீன் கழுவிய கையோடு குசினி வாசலில் நின்றாள்.

"ஆர்?"

"பிரியந்தி."

"என்னவாம்?"

"முகாமுக்குள்ளை பள்ளிக்கூடம் துவங்கியிருக்காம். பிள்ளையள் போகுதுகளாம்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

அவள் மீனுக்குத் திரும்பினாள். அம்புறோஸ் நாட்காட்டியை எடுத்து, அடுத்த வருட மாசி பன்னிரண்டு எந்தக் கிழமை வருகிறதென்று விரலால் எண்ணிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லவேண்டும்.